சிபியு பழசாகிவிட்டது என்றார்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையை அடைத்துக் கட்டிய முன்னறையில், 2013 ஆகஸ்டில் வாங்கிய ஒரு மேசைக்கணினி இன்றும் நாள்தோறும் காலை ஏழு மணிக்கு வேலையைத் தொடங்குகிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்து, பிழை பார்த்து, அச்சுக்குத் தயாராக்கிக் கொடுப்பது என் தொழில். இடையிடையே மனு, பத்திர நகல், சங்கக் கணக்கு என்று அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் வேலைகளும் உண்டு. இவ்வளவையும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்து வருவது இன்டெல் பென்டியம் ஜி2030 என்னும் ப்ராசஸர், அதாவது கணினியின் மூளையாக வேலை செய்யும் சில்லு. நான்காயிரம் ரூபாய்க்குள் கிடைத்த சரக்கு அது. கடையில் அன்று இருந்தவற்றுள் அடிமட்டத்துக்கு ஒரே ஒரு படி மேலே இருந்தது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ‘சிபியு’ என்றால் மேசைக்கு அடியில் நிற்கும் பெட்டி முழுவதையுமே குறிக்கும். பெட்டிக்குள் இருக்கும் ப்ராசஸர் என்னும் தீப்பெட்டி அளவுச் சில்லுக்கும் அதே பெயர்தான். இந்தப் பெயர்க் குழப்பம் பலருடைய பணத்தை விழுங்கியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். 2019 இல் என் கணினி ஆமையாக ஊர்ந்தபோது பழுது பார்க்கும் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் பெட்டியைத் திறக்காமலேயே, “சிபியு பழசாயிடுச்சு சார், மொத்தமா மாத்திடுங்க, இருபத்தஞ்சு ஆகும்” என்றார். பெட்டியைச் சொன்னாரா, சில்லைச் சொன்னாரா என்று கேட்டேன். இரண்டும் ஒன்றுதானே என்பதுபோல் பார்த்தார். அந்தப் பதில் எனக்கு ஒப்பவில்லை. பெட்டியை டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்புறத்தில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். அன்றிரவு உட்கார்ந்து பார்த்த பிறகுதான் இந்தச் சில்லின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஜி2030 என்ன வகைச் சரக்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012 ஏப்ரலில் இன்டெல் வெளியிட்ட ‘ஐவி பிரிட்ஜ்’ குடும்பத்தைச் சேர்ந்தது இது. 22 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. 2013 இன் நடுப்பகுதியில் சந்தைக்கு வந்தது. இரண்டு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் கணக்குப் பகுதிகள்), 3 கிகாஹெர்ட்ஸ் வேகம், 3 எம்பி கேஷ் (சில்லுக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்), 55 வாட் வெப்ப வரம்பு, போர்டில் உட்கார எல்ஜிஏ 1155 சாக்கெட். அதே குடும்பத்தில் இதற்கு அடுத்த படியில் நின்ற கோர் ஐ3 3220 க்கும் கோர் இரண்டுதான், கேஷும் அதே 3 எம்பிதான். வேகம் மட்டும் 3.3 கிகாஹெர்ட்ஸ். ஒரே கோரில் ஓடும் வேலை என்று வந்துவிட்டால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். விலையைக் குறைப்பதற்காக இன்டெல் கை வைத்த இடங்கள் வேறு. ஒரு கோரை இரண்டாகக் காட்டி வேலை வாங்கும் ஹைப்பர்த்ரெடிங்கை எடுத்துவிட்டார்கள். ஏவிஎக்ஸ் என்னும் கணக்குக் கட்டளைகளையும், இன்னும் மேல்படியில் நின்ற ஐ5 இல் உள்ள, மறையாக்கத்தை விரைவுபடுத்தும் ஏஇஎஸ் கட்டளைகளையும் அடைத்துவிட்டார்கள். கட்டளைகள் சிலவற்றைக் குறைத்தார்களே ஒழிய, கோரின் அடிப்படைக் கட்டமைப்பில் கை வைக்கவில்லை. 1993 இல் இன்டெல்லின் தலைமகனாகப் பிறந்த பென்டியம் என்ற பெயர் இருபது ஆண்டுகளில் கடைக்குட்டிகளுக்குச் சூட்டும் பெயராகிவிட்டது என்பதைப் பார்த்து, இது தரம் குறைந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

அன்றிரவு நான் செய்தது மிகச் சிறிய சோதனை. விண்டோஸ் 10 இல், எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆய்வேட்டுக் கோப்பு ஒன்றைத் திறக்கச் சொன்னேன். சிபியு என்ற வரியில் 12, 17, 14 என்று எண்கள் மாறிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே டிஸ்க் என்ற வரி 100 விழுக்காட்டில் நின்றுகொண்டே இருந்தது; ஒரு நிமிடத்துக்கு மேல் அது இறங்கவேயில்லை. ‘பழசாகிவிட்டது’ என்று குற்றம் சாட்டப்பட்ட சில்லு, பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவன் சோற்றுக்குக் காத்திருப்பதுபோல, வேலையே இல்லாமல் காத்திருந்தது. சோறு வர வேண்டிய வழி ஹார்டு டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் தட்டு ஒரு முறை சுற்றி வர 8.3 மில்லி விநாடி ஆகும். படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர்ந்து, தட்டில் உரிய இடம் அதன் கீழே வந்து சேர்வதற்குள் சராசரியாகப் பன்னிரண்டு மில்லி விநாடி கழிந்துவிடும். நமக்கு அது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. விநாடிக்கு 300 கோடித் துடிப்புகள் துடிக்கும் ப்ராசஸருக்கோ, அது மூன்றரைக் கோடித் துடிப்புகளுக்கும் மேலான காத்திருப்பு. விண்டோஸ் 10 பின்னணியில் அப்டேட்டைத் தேடுகிறது, வைரஸ் சோதிக்கிறது, கோப்புகளுக்கு அட்டவணை போடுகிறது. ஒவ்வொன்றும் அந்த முனையை ஒவ்வொரு மூலைக்கு இழுக்கிறது. இதில் ப்ராசஸரை மாற்றி என்ன பயன்?

ஆகவே ப்ராசஸரைத் தொடாமல், சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளிலேயே தரவைச் சேமிக்கும் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிப் பொருத்தினேன். பாகங்களை எல்லாம் இணைக்கும் தாய்ப்பலகை, என்னுடையதில் எச்61 சிப்செட் போர்டு. அதில் டிஸ்க்கை மாட்டுவதற்கு இருக்கும் சாட்டா இணைப்புகள் விநாடிக்கு 3 கிகாபிட் அளவிலான பழைய வகை. “அதுல எஸ்எஸ்டி போட்டா பாதி வேகம்தான் வரும், வேஸ்ட்” என்று நண்பர் ஒருவர் தடுத்தார். அவர் சொன்னதில் கணக்குப் பிழை இல்லை. பெரிய கோப்பு ஒன்றை ஒரே மூச்சில் நகலெடுத்தால் விநாடிக்கு 300 எம்பிக்குள்தான் நிற்கும், புதிய போர்டில் அது 500 ஐத் தாண்டும். ஆனால் அன்றாட வேலையில் கணினி பெரிய கோப்பை ஒரே மூச்சில் படிப்பதில்லை; ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்குகிறது. அந்தப் பொறுக்கும் வேலையில், பன்னிரண்டு மில்லி விநாடி ஆன இடத்தில் எஸ்எஸ்டிக்குப் பத்தில் ஒரு மில்லி விநாடி போதும். இணைப்பு பழையதா, புதியதா என்பது அங்கே பெரிய பொருட்டே அல்ல. பொத்தானை அழுத்திவிட்டு டீ போட்டுக் குடித்து முடித்து வந்தாலும் சுற்றிக்கொண்டிருந்த கணினி, அரை நிமிடத்துக்குள் எழுத்தடிக்கத் தயாராக நின்றது. பெட்டியை மாற்றச் சொன்னவருக்கு இதைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது, போகவில்லை.

ரேம் என்னும் தற்காலிக நினைவகம் பற்றியும் ஒரு சொல். முதலில் 4 ஜிபி ஒற்றைக் குச்சியாக இருந்தது. பிரவுசரில் ஏழெட்டு டேப் திறந்தால் நினைவகம் நிரம்பி, மிச்சம் டிஸ்க்குக்கு வழியும். இன்னொரு 4 ஜிபி சேர்த்ததும் அந்தத் தொல்லை நின்றது. இரண்டு குச்சியானால் இரண்டு வழியாகத் தரவு போய்வரும் என்பதால், நினைவகத்தையே பங்கு போட்டுக்கொள்ளும் உள்ளிணைந்த கிராஃபிக்ஸுக்கும் அது நல்லது. பழைய டிடிஆர்3 ரேம் வாங்குகிறவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும்: இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் சில்லுக்கான போர்டில் மட்டும் வேலை செய்யும் குச்சிகள் மலிவாகச் சந்தையில் புழங்குகின்றன. அவை இன்டெல் போர்டில் திரையையே காட்டாது. புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருமுறை அப்படி ஒன்றை வாங்கி வந்து ஒரு மாலைப் பொழுது முழுவதும் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

இனி, கடலோரத்தில் இருக்கிறவர்கள் மட்டுமே அறிந்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன். தேவனாம்பட்டினம் கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தொலைவு. மாலையில் கடற்காற்று எழும்போது சன்னல் கம்பியை நாவால் தொட்டால் கரிக்கும். அந்தக் காற்றைத்தான் கணினியின் ஃபேனும் உள்ளே இழுக்கிறது. திரையை மாட்டும் விஜிஏ இணைப்பின் இரண்டு பக்கத் திருகுகளும் மூன்றே ஆண்டில் செம்மண் நிறமாகிவிட்டன. பெட்டியின் பின்பக்கத் தகட்டில் ஓரமெல்லாம் துரு. ரேம் குச்சியின் பொன்னிறப் பற்களில் மங்கலான ஒரு படலம் ஏறும். அது ஏறிய நாளில் கணினி பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடும். அப்போது செய்ய வேண்டியது, மின்சாரத்தைத் துண்டித்து, குச்சியைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளை ரப்பரால் பற்களை மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மறுபடி பொருத்துவதுதான். கோயம்புத்தூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் இருக்கிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை செய்வதை நாங்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை செய்கிறோம். எத்தனை கணினிகள் இந்த ஒரு ரப்பர்த் துண்டு கிடைக்காமல் காயலான் கடைக்குப் போயிருக்கின்றன என்று எண்ணினால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ப்ராசஸரை முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்ததும் அப்படி ஒரு துப்புரவு நாளில்தான். 2021 மே மாதம், அக்கினி நட்சத்திரம். நண்பகலில் கணினி தானாக அணைந்துவிடும் வழக்கம் தொடங்கியிருந்தது. வெப்பத்தைக் காட்டும் செயலியில் 80 பாகையைத் தாண்டிக்கொண்டிருந்தது. சில்லின் வெப்பத்தைத் தணிக்கும் கூலரை நான்கு மூலையிலும் பிடித்திருக்கும் கறுப்பு ஊசிகளை, அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பி மேலே இழுக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் ஏற்கெனவே பாதி எழும்பி நின்றது. பிளாஸ்டிக் களைத்துப் போய்ப் பிடியை விட்டிருந்தது. கூலரை மெல்லத் திருகித் தூக்கியபோது, சில்லின் வெள்ளித் தகட்டின் மேல் வெப்பப் பசை காய்ந்த சந்தனம்போல வெடித்துக் கிடந்தது. விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. ஈரம் போன பசை வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது; தகட்டுக்கும் கூலருக்கும் நடுவே காற்றுதான் நிற்கும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பருத்தித் துணியில் நனைத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க எழுத்துகள் தெரிந்தன: இன்டெல், பென்டியம், ஜி2030, 3.00 கிகாஹெர்ட்ஸ். எட்டு ஆண்டுகளாக என் பிழைப்பை நடத்திவைத்த அந்தப் பொருளின் பெயரை அன்றுதான் அதன் உடம்பிலேயே படித்தேன். ஒரு பக்கம் 37.5 மில்லிமீட்டர் உள்ள சதுரம். ஒரு மூலையில் பொன்னிற முக்கோணம். இரண்டு பக்க விளிம்பில் அரைவட்ட வெட்டுகள். இந்த வகையில் ஊசிகள் சில்லில் இல்லை, போர்டின் சாக்கெட்டில்தான் இருக்கின்றன. 1155 ஊசிகள், ஒன்று வளைந்தாலும் சிக்கல். ஆகவே சில்லை எடுக்காமலேயே துடைத்து முடித்தேன். தேவையில்லாமல் யாரும் எடுக்கக் கூடாது என்பதே என் யோசனை. பச்சைப் பட்டாணி அளவுக்குப் புதுப் பசை வைத்து, எழும்பி நின்ற ஊசியை மாற்றி, எதிரெதிர் மூலைகளாக அழுத்திப் பொருத்தினேன். மறுநாள் அதே நண்பகல் வெயிலில் வெப்பம் 60 ஐத் தொடவில்லை. செலவு நூற்றைம்பது ரூபாய்.

அதே ஆண்டு வேறு ஒரு நோயும் வந்தது. ஒருநாள் காலையில் வங்கியின் தளம் திறக்க மறுத்தது, மின்னஞ்சலும் திறக்கவில்லை, ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதாக இல்லை’ என்ற எச்சரிக்கைதான் எங்கும் வந்தது. பழைய ப்ராசஸர் என்பதால் புதிய தளங்கள் திறப்பதில்லை போலும் என்று நானே ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். திரையின் வலது மூலையைத் தற்செயலாகப் பார்த்தபோது தேதி 2012 என்று இருந்தது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி 2012 இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால், அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. போர்டில் இருக்கும் சிஆர்2032 என்னும் வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டால் கடிகாரம் இப்படிப் பின்னால் ஓடிவிடும். முப்பது ரூபாய் கொடுத்துக் கைக்கடிகாரக் கடையில் வாங்கி மாற்றினேன். இதற்குப் பிறகு, ‘இணையமே வேலை செய்யவில்லை, சிபியு போய்விட்டது’ என்று யாராவது என்னிடம் சொன்னால், தேதி என்ன காட்டுகிறது என்றுதான் முதலில் கேட்கிறேன்.

மஞ்சக்குப்பம் தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் நடுவில் இருக்கிறது. மழைக்காலத்தில் மேசைக்கு அடியில் கணினியை வைத்திருப்பது அறிவுடைமை ஆகாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது எங்களிடம் இந்தக் கணினி இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அதை அடுத்துச் சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது, பெட்டியைப் பரணில் ஏற்றிவைத்துவிட்டோம். தண்ணீர் முன்னறைக்கு வரவில்லை. ஆனால் நான்கு நாள் காற்றில் இருந்த ஈரம் போதும், உலோகத்தின் மேல் படிவதற்கு. மின்சாரம் வந்த உடனே கணினியைப் போடவில்லை. பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை ஃபேனுக்கு நேராக இரண்டு நாள் உலர விட்டு, அதன் பிறகே பொத்தானை அழுத்தினேன். அவசரப்பட்டு உடனே போட்ட சிலருடைய பவர் சப்ளை அந்த வாரத்தில் புகைந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் இந்தச் சில்லின் பக்கம் நின்று பேசியது. இதனால் முடியாதது என்ன என்பதையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் அக்காவின் மகன் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பதற்காகச் சென்ற ஆண்டு மூன்று மாதம் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். யூடியூபில் பாடங்களைப் பார்ப்பான். இரண்டாம் நாளே, “மாமா, வீடியோ தத்தித் தத்தி ஓடுது, சார் பேசறது ஒண்ணு, வாய் அசையறது ஒண்ணா இருக்கு” என்றான். பார்த்தால் இரண்டு கோரும் 100 விழுக்காட்டில் நின்றன. இந்த முறை குற்றம் உண்மையிலேயே ப்ராசஸர் பக்கம்தான் இருந்தது. ஜி2030 இன் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் பகுதியில், எச்.264 என்னும் வடிவத்தில் வரும் வீடியோவை விரித்துக் காட்டுவதற்கென்றே தனிச் சுற்று உண்டு. 2012 இல் இணைய வீடியோ பெரும்பாலும் அந்த வடிவத்தில்தான் வந்தது. இன்று யூடியூப் முதலில் நீட்டுவது விபி9 அல்லது ஏவி1 என்னும் புதிய வடிவங்களை. அவற்றுக்கான சுற்று இதில் இல்லை. ஆகவே அந்தப் பாரம் முழுவதும் இரண்டு கோர்களின் தலையில் விழுகிறது. யூடியூபிடம் எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும் சிறு எக்ஸ்டென்ஷன் ஒன்றை பிரவுசரில் சேர்த்து, தெளிவையும் 720 இல் வைத்தேன். கோர்களின் சுமை பாதிக்கும் கீழே இறங்கியது. வாயும் பேச்சும் ஒன்று சேர்ந்தன. கரும்பலகையில் எழுதுவதைப் படிக்க 720 தாராளமாகப் போதும்.

ஆனால் கேமராவைப் போட்டுக்கொண்டு பத்துப் பேர் முகம் தெரியப் பேசும் இணையவழி வகுப்புக்கு இந்த வைத்தியம் பலிக்கவில்லை. அங்கே நம் முகத்தை அந்த நொடியிலேயே சுருக்கி அனுப்பவும் வேண்டும், பிறர் முகங்களை விரிக்கவும் வேண்டும்; இரண்டு கோரால் அது ஆகாது. மாதிரி நேர்முகத் தேர்வுகளுக்கு அவன் தன் செல்போனையே பயன்படுத்தினான். செல்போன் சில்லில் அதற்கான சுற்று இருக்கிறது, இதில் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அப்போது அவன் கேட்டான், “மாமா, இதே போர்டுல ஐ5 போடலாமாமே, போட்டுடுங்களேன்?” நல்ல கேள்வி. எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் அதே குடும்பத்து ஐ5 3470 உட்காரும்: நான்கு கோர், 3.2 இலிருந்து 3.6 கிகாஹெர்ட்ஸ், 6 எம்பி கேஷ், அடைத்துவைத்த ஏவிஎக்ஸும் ஏஇஎஸும் திறந்த நிலையில். கணினிப் பொருள்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் பழையது 1,800 ரூபாய் சொன்னார்கள். எச்61 போர்டு இதற்கு முந்தைய தலைமுறைக்காக 2011 இல் வந்தது என்பதால், சில போர்டுகளில் முதலில் பயாஸை, அதாவது போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளை, புதுப்பிக்க வேண்டியிருக்கும். என்னுடையதில் ஏற்கெனவே ஐவி பிரிட்ஜ் ஓடுவதால் அந்தக் கவலை இல்லை. 77 வாட் வெப்பத்துக்குக் கூலரைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என் வேலை எங்கே காத்திருக்கிறது என்று பார்த்தேன். முந்நூறு பக்கத் தமிழ் ஆய்வேட்டை லிப்ரே ஆபிஸில் திறந்து பிடிஎஃப் ஆக்கும்போது ஒரு கோர்தான் முழுமூச்சாக ஓடுகிறது, மற்றது சும்மா இருக்கிறது. ‘கொ’ என்று நான் அடித்தால் ககரமும் ஒகரக் குறியும் வரிசையாகச் சேமிக்கப்படுகின்றன. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் இப்படி இடம் மாற்றிக் கோத்துத் தரும் வேலையை ப்ராசஸர்தான் செய்கிறது. அதை ஒரு கோர் எவ்வளவு விரைவாகச் செய்கிறது என்பதுதான் கணக்கு. கோரின் எண்ணிக்கை கூடினால் அது அவ்வளவாக மாறாது. என் பிடிஎஃப் நாற்பது விநாடியில் வருவதற்குப் பதில் முப்பத்து மூன்றில் வரும். அந்த ஏழு விநாடிக்காக நான் செலவழிக்கத் தயாரில்லை. அவன் தங்கியிருந்த மூன்று மாதம் மூன்று ஆண்டாக இருந்திருந்தால் வாங்கிப் போட்டிருப்பேன்.

2025 அக்டோபர் 14 ஆம் தேதியோடு விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பவற்றை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. இந்தச் சில்லோ மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தது. குறுக்கு வழியில் ஏற்றலாம் என்று பலர் சொன்னார்கள். அடுத்தவருடைய ஆய்வேட்டை வைத்துக்கொண்டு அப்படிச் சோதித்துப் பார்க்க எனக்கு மனமில்லை. இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22 இன், இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றினேன். 2029 வரை அதற்குப் பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் உண்டு. தமிழ்99 விசைப்பலகை சில நிமிடங்களில் அமைந்துவிட்டது. பழைய மாணவர்கள் பாமினி, வானவில் என்னும் பழைய முறை எழுத்துருக்களில் அடித்துக் கொண்டுவரும் கோப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றுவதில்தான் முதல் இரண்டு வாரம் திணறினேன். அதற்கும் ப்ராசஸருக்கும் தொடர்பில்லை. கணினி தொடங்கியதும் பிடிக்கும் நினைவகம் 1 ஜிபிக்கு அருகில்தான்; மீதி எல்லாம் என் வேலைக்கு.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் பாதுகாப்பு ஓட்டைகள் இந்தத் தலைமுறைச் சில்லுகளையும் பாதித்தன. இயங்குதளத்தின் வழியாக அவற்றை அடைத்தபோது வேகம் சிறிது குறைந்தது உண்மை. அந்த அடைப்பை நீக்கிவிட்டால் பழைய வேகம் திரும்பும் என்று இணையத்தில் வழி சொல்கிறார்கள். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மின்சாரச் செலவைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 55 வாட் என்பது கூலர் தாங்க வேண்டிய வெப்ப வரம்பு. எந்நேரமும் அவ்வளவு இழுக்கும் என்று பொருளல்ல. பிளக்கில் மாட்டும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். எழுத்தடிக்கும்போது பெட்டி முழுவதும் சேர்ந்து 35 வாட்டைச் சுற்றித்தான் இழுக்கிறது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 17 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். மானிட்டர் கணக்கு தனி.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் ஜி2030 ஐத் தேடிப் போய் வாங்க வேண்டாம். புதிதாக வாங்குகிறவர்களுக்கு, 2023 இல் வந்த இன்டெல் என்100 போன்ற சில்லு பொருத்திய கைப்பிடி அளவுக் கணினியே மேலானது. அதில் கோர் நான்கு, வெப்ப வரம்பு 6 வாட், ஏவி1 வீடியோவை விரிக்கவும் தனிச் சுற்று உண்டு. நான் எழுதுவது, இந்தச் சில்லோ இதன் உறவுக்காரச் சில்லுகளோ ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக. பெட்டி மெதுவாகிவிட்டது என்று அதன்மேல் துணியைப் போட்டு மூடிவைத்திருப்பவர்களுக்காக. டாஸ்க் மேனேஜரைத் திறந்து எந்த வரி 100 இல் நிற்கிறது என்று பாருங்கள். டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி, மெமரி என்றால் ரேம். சிபியு என்ற வரியே நூறில் நின்றால், நீங்கள் என்ன வேலை செய்யும்போது நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, அந்த வேலை உங்களுக்கு நாள்தோறும் உண்டா என்று யோசியுங்கள்.

நேற்று நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு மாணவி வந்திருந்தாள். கெடில ஆற்றுப்படுகைக் கல்வெட்டுகளைப் பற்றிய ஆய்வேடு. 340 பக்கம், நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், கடைசி நாள் நெருங்கிவிட்டது. பொருளடக்கத்தைப் புதுப்பித்து, பிடிஎஃப் ஆக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். மேசைக்கு அடியில் ஃபேன் சற்று உரக்கச் சுழன்று, பிறகு அடங்கியது. “அண்ணா, இது என்ன கம்ப்யூட்டர், புதுசா?” என்று கேட்டாள். மாடலையும் வாங்கிய ஆண்டையும் சொன்னேன். அவள் வீட்டில் இதே காலத்துப் பெட்டி ஒன்று, மெதுவாகிவிட்டது என்று அலமாரியின் மேல் ஏற்றப்பட்டுக் கிடக்கிறதாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ரப்பரும் பசையும் எடுத்து வைத்துவிட்டேன்.